32 பிட் கார்டு, 8 ஜிபி ரேம்: டிரைவரை எந்த வழியில் சரிசெய்வது?

தொழிற்சாலை கன்வேயருக்கு மேலே கேமரா வைத்து, ஓடிவரும் பொருளைச் சோதிக்கும் பெட்டிகளைச் செய்வதுதான் பெங்களூரு பீன்யாவில் எங்கள் வேலை. உள்ளே ஒரு சாதாரண பிசி போர்டு, ஒரு வீடியோ கேப்சர் கார்டு, லினக்ஸ். 2 ஜிபி ரேமில் மூன்று வருஷம் தொந்தரவே இல்லை. எஸ்.பி. ரோட்டில் ரேம் வாங்கி வந்து 8 ஜிபி ஆக்கிய அன்று சாயங்காலமே படம் விட்டுவிட்டு வர ஆரம்பித்தது. ஒரு ஃபிரேம் சரி, அடுத்தது குப்பை. கூடவே, கேமராவுக்குச் சம்பந்தமே இல்லாத புரோகிராம்களும் விழுந்தன.

"ரேம்தாங்க அக்கா கோளாறு, மாத்திடலாம்" என்றான் டீமில் இருக்கும் சேலத்துத் தம்பி. ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் ஓட்டினோம், ஒரு பிழைகூட வரவில்லை. மறுநாள் ஒரு லாக் ஃபைலைத் திறந்தால், நடுவில் பக்கம் பக்கமாக 16, 128, 16, 128. கேமராவின் மூடியைக் கழற்றாமல் விட்டால் வரும் கறுப்பு அது: வெளிச்சத்துக்கு 16, நிறத்துக்கு 128. கார்டு அனுப்பிய படம் லாக் ஃபைலின் பக்கங்களில் போய் உட்கார்ந்திருந்தது.

அதன் பிறகு, கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரின் கோடில் இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கார்டின் அட்ரஸ் ரெஜிஸ்டர் 32 பிட் அகலம்தான், அதாவது 4 ஜிபிக்கு மேல் அதற்குக் கண் தெரியாது. பிராசஸர் வழியாகப் போகாமல் கார்டு நேராக ரேமில் எழுதுவதுதான் டிஎம்ஏ. கார்டுக்கு எத்தனை பிட் அட்ரஸ் வரை எட்டும் என்று டிரைவர் சொல்வது மாஸ்க். கார்டோடு வந்த டிரைவரோ 64 பிட் டிஎம்ஏ மாஸ்க் போட்டு, லினக்ஸின் மையமான கெர்னல் தந்த அட்ரஸை 32 பிட் மாறி ஒன்றில் வாங்கிக்கொள்கிறது. மேல் பிட்டுகள் உதிர்ந்துவிடும். 5 ஜிபி எல்லையில் படத்துக்கென ஒதுக்கிய இடத்துக்கு, அதாவது பஃபருக்கு, போக வேண்டிய படம் 1 ஜிபி எல்லையில் இருக்கும் யாரோ ஒருவரின் நினைவகத்தில் எழுதப்படும். கம்பைலர் இதற்கு எச்சரிக்கைகூடத் தராது.

சரி, எப்படிச் சரிசெய்வது? எங்கள் முன்னால் ஐந்து வழிகள் இருந்தன.

முதலாவது, லினக்ஸ் தொடங்கும்போது படிக்கும் பூட் வரியில் நினைவகத்தை 4 ஜிபிக்குக் கட்டிப்போடுவது. செய்து பார்த்தோம், ராத்திரி முழுக்கப் படம் சுத்தமாக வந்தது. ஆனால் பிசியில் இந்த வரம்பு அட்ரஸுக்கானது, ரேமின் அளவுக்கானது அல்ல. 4 ஜிபிக்குக் கீழே ஒரு பகுதியை பிசிஐ சாதனங்கள் எடுத்துக்கொள்வதால், அங்கே இருந்திருக்க வேண்டிய ரேம் 4 ஜிபிக்கு மேலே நகர்த்தப்படுகிறது. எங்கள் போர்டில் மிஞ்சியது 3 ஜிபி சொச்சம். அதே காரணத்தால்தான் வெறும் 4 ஜிபி ரேம் போட்டிருந்தாலும் இந்தப் பிழை வந்திருக்கும். நோயை உறுதிசெய்ய இது அருமையான சோதனை. வாடிக்கையாளருக்கு அனுப்பும் பெட்டியில் இதை வைக்க எனக்கு மனசு வராது, அவர் காசு கொடுத்தது 8 ஜிபிக்கு.

இரண்டாவது, ஜிஎஃப்பி டிஎம்ஏ32 என்ற கொடியைப் போட்டு 4 ஜிபிக்குக் கீழான நினைவகத்தைக் கெர்னலிடம் கேட்டு வாங்குவது. நிறையப் பேர் முதலில் கை வைக்கும் இடம் இது. இதில் ஒரு பள்ளம் இருக்கிறது: கெர்னலில் வழக்கமாக நினைவகம் வாங்கும் ஃபங்ஷனான கேமாலக்கோடு இந்தக் கொடி வேலை செய்யாது. கெர்னலின் சொந்தத் தலைப்புக் கோப்பிலேயே அப்படி எழுதியிருக்கிறது. பக்கம் பக்கமாக ஒதுக்கும் ஃபங்ஷனுக்குத்தான் போக வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், இந்த வழி பிராசஸர் பார்க்கும் அட்ரஸும் கார்டு பார்க்கும் அட்ரஸும் ஒன்று என்று நம்பிக்கொண்டிருக்கிறது. எல்லா இடத்திலும் அப்படி இல்லை. ராஸ்பெர்ரி பை 4 போர்டின் பழைய சாதனங்களுக்கு ரேமின் முதல் 1 ஜிபிதான் தெரியும், அதையும் அவை வேறு எண்ணில் பார்க்கின்றன. 2020இல் அந்த போர்டின் 8 ஜிபி மாடல் வந்தது. அங்கே 32 பிட் என்ற கணக்கே போதாது.

மூன்றாவது, ஐஓஎம்எம்யூ. இதைத்தான் நாங்கள் அதிக நேரம் பேசினோம். இன்டெல்லில் விடி-டி, ஏஎம்டியில் ஏஎம்டி-விஐ, ஆர்மில் எஸ்எம்எம்யூ. கார்டுக்கும் ரேமுக்கும் நடுவில் நின்று அட்ரஸை மாற்றித் தரும் வன்பொருள் இது. பயாஸில் அதை ஆன் செய்து பூட் செய்தோம். டிரைவரில் ஓர் எழுத்துக்கூட மாற்றவில்லை, பிழை மறைந்துவிட்டது! தம்பிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எனக்கு அங்கேதான் பயம் வந்தது. பிசிஐ கார்டுகளுக்கு 4 ஜிபிக்குக் கீழான எண்ணை முதலில் தேடித் தருவது லினக்ஸின் ஐஓஎம்எம்யூ கோடில் நெடுநாள் வழக்கம். அந்த வழக்கத்தால்தான் எங்கள் டிரைவர் பிழைத்தது. கீழே இடம் தீர்ந்துபோனால், 64 பிட் என்று சொல்லியிருக்கும் டிரைவருக்கு மேலே உள்ள எண்ணைத் தயங்காமல் கொடுத்துவிடும். வாடிக்கையாளரின் ஆள் பயாஸை ரீசெட் செய்தாலும் பழைய கதைதான். ஆனாலும் ஐஓஎம்எம்யூவை நான் ஆன் செய்தே வைத்திருக்கச் சொல்வேன். கார்டு தப்பான இடத்தில் எழுதப் போனால் தடுத்து, எந்த அட்ரஸ் என்று லாக்கில் சொல்லும் காவல் அது. காவல் இருக்கிறது என்று டிரைவரைத் திருத்தாமல் விட்டுவிட முடியாது.

நான்காவது, ஒரே வரி: மாஸ்க்கை 64இலிருந்து 32 ஆக்குவது. இதுதான் உண்மையைச் சொல்லும் திருத்தம், எந்த வழியில் போனாலும் இது வேண்டும். மாற்றியதும் கெர்னல் தானாகவே பவுன்ஸ் பஃபரைப் பயன்படுத்தத் தொடங்கும். கீழ் நினைவகத்தில் ஒரு தற்காலிக இடத்தைக் கார்டுக்குக் காட்டி, வந்ததை மேலே உள்ள உண்மையான பஃபருக்கு நகல் எடுத்துத் தரும். நெட்வொர்க் பாக்கெட்டுகளுக்கு இது போதும். எங்களுக்குப் போதவில்லை. 1920க்கு 1080 படம், புள்ளிக்கு 2 பைட்: ஒரு ஃபிரேம் 41,47,200 பைட். பவுன்ஸ் பஃபர் ஒரே துண்டாகத் தருவது அதிகபட்சம் 256 கேபி, அதன் மொத்தக் குளமே வழக்கமாக 64 எம்பி. பஃபருக்குக் கார்டு பயன்படுத்தக்கூடிய அட்ரஸை வாங்கித் தரும் மேப்பிங் தோற்றது. டிரைவர் அந்தத் தோல்வியைச் சோதிக்காமல், பிழைக்கு அடையாளமாக வந்த எண்ணையே அட்ரஸ் என்று கார்டில் எழுதியது. ஒரு பிழையைத் திருத்தப் போய் அதன் அடியில் கிடந்த இன்னொன்று வெளியே வந்தது.

படத்தை 256 கேபிக்கு உட்பட்ட துண்டுகளாக மேப் செய்யலாம், கார்டு துண்டுப் பட்டியலை ஏற்கும் வகையாக இருந்தால். அப்போதும் நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் சுமார் 124 எம்பியை பிராசஸர் வீணாக நகல் எடுக்க வேண்டும். படத்தைப் படிக்கும் முன் அந்த நகலை எடுக்கச் சொல்லும் சிங்க் அழைப்பு ஓரிடத்தில் விட்டுப்போனாலும் பழைய ஃபிரேம்தான் கையில் கிடைக்கும்.

ஆகவே ஐந்தாவது வழிக்கு வந்தோம். மாஸ்க் 32, அத்தோடு கார்டும் பிராசஸரும் சேர்ந்து பயன்படுத்தும் நினைவகத்தைத் தரும் டிஎம்ஏ அலாக் கோஹிரன்ட் ஃபங்ஷன் மூலம் நான்கு பஃபர்களை டிரைவர் ஏறும்போதே ஒரு தடவை வாங்கி வைத்துக்கொள்வது. மாஸ்க் உண்மையைச் சொல்வதால் கார்டுக்கு எட்டும் இடமே கிடைக்கும், நகல் வேலை இல்லை. ஐஓஎம்எம்யூ இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே கோடு ஓடும். ஏறும்போதே வாங்குவதற்குக் காரணம் உண்டு. ஒரு ஃபிரேமுக்கு அடுத்தடுத்த பக்கங்களாக 4 எம்பி வேண்டும், அதாவது 41,94,304 பைட். எங்கள் படம் அதற்குள் மயிரிழையில் அடங்குகிறது. மெஷின் நாலு நாள் ஓடிய பிறகு நினைவகம் துண்டு துண்டாகிவிடும், அப்போது கேட்டால் கிடைப்பது கஷ்டம். இந்த வழிக்கும் குறை உண்டு: பல ஆர்ம் போர்டுகளில் இப்படி வாங்கும் கோஹிரன்ட் நினைவகம் பிராசஸரின் வேக நினைவகமான கேஷில் வராது, பிராசஸர் அதைப் படிப்பது மெதுவாக இருக்கும். அங்கே நான் துண்டு மேப்பிங் பக்கம்தான் சாய்வேன். எங்கள் பிசி போர்டில் அந்தக் கவலை இல்லை.

திருத்திய டிரைவரை மூன்று விதமாக ஓட்டினோம்: ஐஓஎம்எம்யூ ஆன், ஆஃப், அப்புறம் டிஎம்ஏ பிழைதேடும் வசதியை ஆன் செய்து கட்டிய கெர்னலில். கேமராவின் மூடியைப் போட்டபடியே வெள்ளிக்கிழமை விட்டுப்போனோம். திங்கள் காலை தம்பி எனக்கு முன்னால் வந்து லாக் ஃபைல்கள் அத்தனையிலும் 16, 128 தேடியிருந்தான். ஒன்றிலும் இல்லை. மாஸ்க் வரிக்கு மேல் அவனே ஒரு குறிப்பும் எழுதி வைத்திருந்தான்: அட்ரஸ் ரெஜிஸ்டர் 32 பிட்தான், இதை மாற்றாதீர்கள்.