ஈரல் கொழுப்பும் உடலமைப்புத் தராசும்: வன்னியிலிருந்து ஒரு பாவனையாளரின் மதிப்பீடு

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் உள்ள மின்சாதனக் கடைகளில் இப்போது சில ஆயிரம் ரூபாய்க்குக் கண்ணாடி முகப்புத் தராசுகள் கிடைக்கின்றன. வெறுங்காலுடன் ஏறி நின்றால் நிறையுடன் கொழுப்பின் வீதம், தசையின் அளவு, உடல் நீரின் அளவு ஆகியவற்றையும் கணித்துக் கைத்தொலைபேசிக்கு அனுப்பிவிடுகின்றன. அவற்றில் ஒன்றைக் காலபோக விதைப்பு முடிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் பாவித்து வருகிறோம். இந்த விலையில் கிடைப்பவை பெரும்பாலும் ஒரே முறையில் இயங்குவதால், எந்த நிறுவனத்தின் பெயரையும் குறிப்பிடாமல் இவ்வகைத் தராசைப் பற்றியே எழுதுகிறேன். அத்தானுக்கு ஸ்கானில் ஈரலில் கொழுப்புப் படிந்திருப்பது தெரிந்து, நிறையைக் குறைக்கும்படி கிளினிக்கில் சொன்ன பிறகே இதை வாங்கினோம். ஈரலுக்குள் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்பதை இத்தராசு சொல்லாது. குறைகிற நிறை கொழுப்பிலிருந்து போகிறதா, தசையிலிருந்து போகிறதா என்பதை ஓரளவு காட்டும். ஈரல் கொழுப்பு உள்ளவருக்கு அந்த ஒரு பயனே பெரிது என்பது என் எண்ணம்.

வயிற்றுக்குள் சேரும் கொழுப்பிலிருந்து விடுபடும் கொழுப்பமிலங்கள் ஈரல்வாயில் நாளம் வழியாக நேரே ஈரலுக்குப் போகின்றன. மறுபுறம், உணவு உண்டபின் குருதியில் ஏறும் குளுக்கோசை இன்சுலினின் உதவியோடு அதிகம் உள்வாங்குவது எலும்புத் தசைகளே. தசை மெலிந்தால் அந்தக் குளுக்கோசுக்கு இடம் சுருங்குகிறது; இன்சுலின் கூடுதலாகச் சுரக்கிறது; மிஞ்சிய மாச்சத்தை ஈரல் கொழுப்பாக மாற்றத் தொடங்குகிறது. உடற்பருமன் இல்லாதவர்களிலும் தசை குறைவாக இருப்பது ஈரல் கொழுப்போடும் ஈரல் தழும்போடும் தொடர்புபட்டிருப்பதைக் கொரிய ஆய்வுகள் காட்டியுள்ளன. எங்களைப் போன்ற தெற்காசியருக்கு இது கூடுதலாகப் பொருந்தும், ஏனெனில் கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளிய உடல்வாகு எங்களிடம் பரவலாக உள்ளது. றாகமவில் நடத்தப்பட்டு 2009 இல் வெளியான ஆய்வில், அங்குள்ள நகர்ப்புற வயதுவந்தோரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஈரலில் கொழுப்பு இருந்தது. மண்வெட்டி பிடித்த கைகள் உழவு இயந்திரத்துக்கும் அறுவடை இயந்திரத்துக்கும் மாறிய பின்னரும் சோற்றுக் கோப்பையின் அளவு மாறாத வன்னியில், இந்நோயை நகரத்தவருக்கு மட்டும் உரியதாக எண்ணக்கூடாது.

தராசு வேலை செய்யும் முறையை அறிந்தால் அதன் எண்களை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதும் விளங்கும். ஒரு பாதத்திலிருந்து மறு பாதத்துக்கு உணர முடியாத அளவு மெல்லிய மின்னோட்டம் செல்கிறது. நீர் நிறைந்த தசை அதை இலகுவாகக் கடத்தும், கொழுப்பு தடுக்கும். அந்தத் தடையையும் உயரம், வயது, பால், நிறை ஆகியவற்றையும் ஒரு சமன்பாட்டில் இட்டே கொழுப்பின் அளவு மதிப்பிடப்படுகிறது. ஆகவே, வயலில் வியர்த்துவிட்டு வந்த பின்னேரத்தில் ஏறினால், உடலில் நீர் குறைந்திருப்பதால் கொழுப்புக் கூடியதாகக் காட்டும். காலையில் மலசலம் கழித்த பின், எதுவும் உண்ணாமல், ஒவ்வொரு முறையும் அதே வேளையில் ஏற வேண்டும். அத்தானின் குதிக்கால் வெடித்து, பாதத் தோல் தடித்துக் காய்ந்திருப்பதால் முதலில் தராசு நிறையை மட்டும் காட்டிவிட்டு மற்ற இடங்களில் கோடு போட்டது. ஈரத்துணியால் பாதத்தைத் துடைத்துவிட்டு ஏறியதும் அளவுகள் வந்தன. சீமெந்துத் தரையில் சமமாக வைக்க வேண்டும். பாயின் மீதோ மெழுகிய மண் தரையிலோ வைத்தால் நிறையே மாறிவிடுகிறது.

அத்தானுக்குத் தொடக்கத்தில் 82 கிலோ நிறை, 30 வீதம் கொழுப்பு. அறுவடைக்குள் 78 கிலோவும் 27 வீதமும் ஆனது. கணக்குப் பார்த்தால் குறைந்த 4 கிலோவில் ஏறக்குறைய மூன்றரைக் கிலோ கொழுப்பு. அயல்வீட்டு அக்கா ஒருவருக்கும் இதே நோய் இருப்பதால் அவரும் எங்கள் தராசிலேயே அளந்து வந்தார். அவர் 70 கிலோவிலிருந்து 66 கிலோவுக்கு வந்தார். கொழுப்பு வீதமோ 36 இலேயே நின்றது. அதாவது, 4 கிலோவில் கொழுப்பு ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவு. மீதி தசையும் நீரும். "நிறை குறைஞ்சிட்டுதெல்லே, பிறகென்ன?" என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. சாதாரணத் தராசு மட்டும் இருந்திருந்தால் இருவரும் ஒரே அளவு முன்னேறியதாகவே எண்ணியிருப்போம்.

வேறுபாடு உணவிலும் உடலுழைப்பிலும் இருந்தது. அக்கா இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டுச் சீனி போட்ட தேநீரும் இரண்டு பிஸ்கட்டுமாக இருந்தார். அத்தான் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் குளத்து மீனும் அவித்த பயறும் கௌபியும் முட்டையும் சேர்த்துக்கொண்டார். சீனியையும் சோடாவையும் நிறுத்தினார். மாலையில் நடந்ததோடு, மண் நிரப்பிய வாளிகளைத் தூக்கி இறக்கும் பயிற்சியையும் விடாமல் செய்தார். இதைப் பார்த்த பின் அக்காவும் இரவில் மீனும் மரக்கறியும் சாப்பிடத் தொடங்கியிருக்கிறார். நிறையில் 5 வீதம் குறைந்தாலே ஈரலின் கொழுப்பு குறையத் தொடங்கும். 7 வீதத்தில் அழற்சியும், 10 வீதமளவில் பலரில் தழும்பும் தணிவதாக ஆய்வுகள் சொல்கின்றன. அத்தான் முதற்படிக்கு மிக அருகில் நிற்கிறார்.

குறைகளும் உண்டு. பாதங்களின் வழி மட்டும் மின்னோட்டம் செல்வதால், தராசு அதிகம் அறிவது கால்களையே. இடுப்புக்கு மேலே உள்ளது பெரும்பாலும் கணிப்புத்தான். எனவே, வயிற்றுக்குள் உள்ள கொழுப்பு என்று அது தரும் எண்ணை நாங்கள் பொருட்படுத்துவதில்லை. தையற்காரர் பாவிக்கும் அளவுநாடா அதைவிட நம்பகமானது: கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை வெளியே விட்ட நிலையில் அளக்கும்போது, தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் எச்சரிக்கை எல்லை. உடலின் வயது என்று தராசு காட்டும் எண்ணால் எந்தப் பயனும் இல்லை. அதைப் பார்த்து மனம் சோர்ந்தவர்களை அறிவேன். கையேடு ஆங்கிலத்திலும் சீனத்திலும் மட்டுமே இருந்தது, ஈரல் நோயுள்ள முதியவர்கள் தாமாகப் பாவிக்க முடியாதபடி.

இன்னும் பெரிய குறையொன்று எங்கள் மண்ணோடு சேர்ந்தது. போரில் கால் இழந்தவர்கள் பலர் வாழும் ஊர்களில், இரு வெறும்பாதங்களும் இல்லாமல் இயங்காத கருவி அவர்களுக்கு உதவாது. நடமாட்டம் குறைவதால் தசை குறைந்து வயிற்றுக் கொழுப்புக் கூடும் ஆபத்து அவர்களுக்கே அதிகம் என்பதால் இது என்னை வருத்துகிறது. அவர்களுக்கு இடுப்பளவும், இயன் மருத்துவப் பிரிவில் வசதி இருந்தால் கைப்பிடி வலுவும் அளக்கலாம். ஆசியர்களுக்கான 2019 ஆம் ஆண்டு வரையறைப்படி, கைப்பிடி வலு ஆண்களில் 28 கிலோவுக்கும் பெண்களில் 18 கிலோவுக்கும் குறைந்தால் தசை வலுக் குறைவு எனக் கொள்ளப்படும்.

பேஸ்மேக்கர் பொருத்தியவர்களும் கர்ப்பிணிகளும் இத்தராசின் உடலமைப்பு அளவீட்டைத் தவிர்க்க வேண்டும். ஈரல் நோய் முற்றி வயிற்றிலோ கால்களிலோ நீர் கோத்தவர்களுக்கு அது காட்டும் தசையளவு பொய்யாகும். அவர்கள் எண்களைப் பார்த்துக் காத்திராமல் வைத்தியரிடம் போக வேண்டும். மற்றவர்கள் ஒரு தராசை இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து வாங்கலாம், செயலியில் ஒவ்வொருவருக்கும் தனிப் பதிவு வைக்க முடிகிறது. நாளுக்கு நாள் வரும் ஏற்ற இறக்கத்தை விட்டுவிட்டு, வாரத்துக்கு ஒரு அளவை இடுப்பளவோடு சேர்த்துக் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதிவைத்தால், அடுத்த முறை வைத்தியர் குருதிப் பரிசோதனை முடிவுகளைப் பார்க்கும்போது அதையும் அருகே வைத்துப் பார்க்க முடியும்.