யாளிக்கு றெக்கை வைக்கணும்னா எங்க வைக்கிறது: முதுகா, கையா, விலாவா?

நம்ம ஆளுங்க வரையிற பறக்குற யாளி முக்காவாசி ஒரே மாதிரிதான், நாலு காலும் அப்படியே இருக்கும், முதுகுல ரெண்டு றெக்கை முளைச்சிருக்கும். கம்பீரமாதான் இருக்கு. ஆனா றெக்கைன்றதும் ஒரு ஜோடி கைதானே, அதுக்குத் தனியா தோள்பட்டை வேணும், கீழ்நோக்கி அடிக்க நெஞ்சுல பெரிய தசை வேணும், முன்னங்காலோட தசையும் அதே நெஞ்சுலதான் இருக்கு, அப்புறம் ரெண்டும் எங்க போய் உக்காரும்? முதுகெலும்பு உள்ள எந்தப் பிராணிக்கும் ரெண்டு ஜோடிக்கு மேல கை கால் கிடையாது. இதுதான் வேணும்னா நெஞ்சுக்கூட்டை நீளமாக்கி ரெண்டாவது தோளைப் பின்னாடி தள்ளுங்க, இல்லன்னா ஒட்டவச்ச மாதிரிதான் தெரியும்.

வௌவால் வழி ரொம்ப நேர்மையானது. முன்னங்கையே றெக்கை, கட்டைவிரல் மட்டும் நகத்தோட வெளிய இருக்கும், மத்த நாலு விரலும் நீண்டு தோலைத் தாங்கும். டைனோசர் காலத்துல பறந்த ஊர்வன இனமான டெரோசார்ல ஒரே ஒரு விரல்தான் அவ்ளோ நீளம், அதுல ஒண்ணான குவெட்சல்கோட்லஸ் சுமார் 10 மீட்டர் விரிப்போட நாலு கால்லயும் நடந்துச்சு. அதனால சிங்கம் சைஸ் யாளிக்கு இதுதான் சரி. ஆனா பாதம் போயிடும், யாளிக்குப் பாதம் போனா பாதி யாளி போச்சு.

எனக்குப் பிடிச்சது மூணாவது, அதுக்கு நம்ம சிங்கப்பூர் பொட்டானிக் கார்டன்ல மரத்தண்டை உத்துப் பாத்தாலே போதும். பறக்கும் ஓணான் பட்டை நிறத்துலயே ஒட்டிக்கிட்டு இருக்கும், ஆண் தொண்டையில மஞ்சள் மடிப்பை விரிச்சு விரிச்சுக் காட்டும், அப்பதான் கண்ணுல படும். அதோட றெக்கை விலா எலும்பு நீண்டு வந்தது, வேண்டாதப்ப உடம்போட மடிச்சு வச்சுக்கும், நாலு காலும் முழுசா இருக்கும். தாவினதும் முன்னங்கையைப் பின்னாடி கொண்டுபோய் றெக்கையோட முன்விளிம்பைப் பிடிச்சுக்குதுங்க, அதாவது கையும் விலாவும் சேர்ந்துதான் ஒரு றெக்கை! மதுரைத் தூண்ல பின்னங்கால்ல எழும்பி நிக்கிற யாளியை நினைச்சுப் பாருங்க, தூக்குன அந்தக் கை அப்படியே பின்னாடி போய் விளிம்பைப் பிடிச்சா போதும், தோள்பட்டையை மாத்தவே வேணாம்.

ஆனா இது அடிச்சுப் பறக்காது, மரத்துக்கு மரம் சறுக்கும், அவ்ளோதான். கனமும் கூடாது, அதனால யாளியைப் பூனை சைஸுக்குக் குறைங்க. மூச்சு விடணும்ல, முன்பக்க விலாவை விட்டுட்டுப் பின்பக்க விலாவை மட்டும் நீட்டுங்க.