சாம்பன் வார்: இளக்கம் வந்தது, தொடர்பு வரவில்லை

தலையை உயர்த்தி, முதுகை இறுக்கிக்கொண்டே ஓடும் ஒன்பது வயதுப் பெட்டைக் குதிரை ஒன்றுக்காக, தலையைத் தாழ்த்தி ஓடப் பழக்கும் பயிற்சி வாரான சாம்பன் வாரை வாங்கி, வாரத்துக்கு மூன்று முறை, ஒரு முறைக்கு 20 நிமிடத்துக்கு மிகாமல், இரண்டு மாதங்கள் பயன்படுத்தினேன். இது ஏறி ஓட்டும்போது மாட்டுவதற்கானதன்று. நீண்ட கயிற்றில் வட்டமாக ஓடவிட்டுப் பயிற்றுவிப்பதற்கு மட்டுமே உரியது.

வயிற்றுவாரில் தொடங்கி முன்கால்களுக்கிடையே வரும் இந்த வார், இரு கயிறுகளாகப் பிரிந்து, காதுகளுக்குப் பின்னால் அமரும் உச்சிப்பட்டையின் வளையங்களுக்குள் நுழைந்து இறங்கி, கடிவாள இரும்பின் இருபுறமும் மாட்டப்படுகிறது. குதிரை தலையைத் தூக்கினால் உச்சியிலும் வாயோரத்திலும் அழுத்தம் விழும். தாழ்த்திய கணமே கயிறு தொய்ந்துவிடும். இதன் மதிப்பெல்லாம் அந்தத் தொய்வில்தான் இருக்கிறது. முன்பு நான் வைத்திருந்த ரப்பர் கயிறு எந்நேரமும் இழுத்துக்கொண்டே இருந்ததால், குதிரை அதன்மேல் சாய்ந்து ஓடத்தான் கற்றுக்கொண்டது.

முதல் வாரம் கயிற்றை மிகத் தளர்வாகவே விட்டேன். தொடக்கத்திலேயே இறுக்கினால் குதிரை மிரண்டு பின்கால்களில் எழுந்துவிடும் அபாயம் உண்டு. மூன்றாம் வாரத்தில் டிராட் எனும் மிதவேகத் துள்ளோட்டத்தின்போது கழுத்து முன்னும் கீழுமாக நீண்டது. இளக்கத்தின் அறிகுறியாக மூக்கிலிருந்து நீளமாக ஒரு செருமல் வந்தது. அதுவரை பலகைபோல் கிடந்த முதுகுத்தசை சேணத்துக்குப் பின்னால் அசையத் தொடங்கியது. உச்சியிலிருந்து தோள்மேடுவரை செல்லும் கழுத்து நாண், தலை தாழும்போது இழுபட்டு முதுகை உயர்த்த உதவுகிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. ஆனால் பின்கால்களைச் சாட்டையின் குறிப்பால் முன்னே வரவழைக்காத நாட்களில் குதிரை முன்கால்களில் பாரத்தைப் போட்டுத் தள்ளாடியதேயன்றி, முதுகு எழவில்லை.

தயாரிப்பில் ஒரு குறை உண்டு: உச்சிப்பட்டை வளையங்களின் உட்புறம் சொரசொரப்பாக இருந்ததால், வியர்வையில் ஊறிய கயிறு சிக்கித் தாமதமாகவே தளர்ந்தது. வளையங்களை மாற்றித் தைத்த பிறகே கருவி சரியாக வேலை செய்தது.

ஓட்டுபவரின் கைக்கும் குதிரையின் வாய்க்கும் லகான் வழியே இருக்க வேண்டிய தொடர்பை மட்டும் இது கற்பிக்கவில்லை. தாழ்ந்த தலைக்கு எதிரே பிடிமானமே இல்லாத கருவியிடம் அதை எதிர்பார்த்தது என் தவறு. ஏறி அமர்ந்து லகானை எடுத்ததும் குதிரை கடிவாளத்தைத் தேடாமல், வாயை உள்ளிழுத்து அதற்குப் பின்னால் ஒளிந்தது. எனவே இப்போது முதல் 10 நிமிடம் சாம்பனோடு ஓடவிட்டு, அதைக் கழற்றிய பின், லகானைச் சிறிது சிறிதாக நழுவவிட்டு வாய் அதைப் பின்தொடர்கிறதா என்று பெரிய வட்டங்களில் ஓட்டிப் பார்க்கிறேன்.