கடும் தலைவலிக்கு மருத்துவக் கஞ்சாவா, வழக்கமான மருந்துகளா? பக்கவிளைவுகள் குறித்த ஒப்பீடு

ஒற்றைத் தலைவலிக்கு மருத்துவக் கஞ்சாவை நாடுபவர்கள் அதன் பக்கவிளைவுகளாகப் பெரும்பாலும் தலைச்சுற்றல், வாய் உலர்தல், தூக்கக் கலக்கம் ஆகியவற்றையே அறிந்திருக்கிறார்கள். இவற்றை மட்டும் வைத்து ஒப்பிட்டால் வழக்கமான மருந்துகளுக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு தெரியாது. தடுப்பு மருந்தாக நெடுங்காலமாகத் தரப்படும் அமிட்ரிப்டிலினும் வாயை உலர்த்தும், பகலிலும் கண்களைச் சொருக வைக்கும். உண்மையான வேறுபாடு, தலைவலி நோயைப் போலவே தோற்றமளிக்கும் பக்கவிளைவுகளில்தான் இருக்கிறது.

அதற்கு வருமுன் இதயத்தைப் பார்ப்போம். ஒற்றைத் தலைவலி வந்ததும் எடுக்கப்படும் சுமட்ரிப்டான் போன்ற டிரிப்டான் வகை மருந்துகள் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் நெஞ்சில் இறுக்கம் தோன்றலாம். இதயத் தமனி நோயோ கட்டுப்படாத இரத்த அழுத்தமோ உள்ளவர்களுக்கு அவற்றைத் தருவதில்லை. அப்படி மறுக்கப்பட்டவர் கஞ்சாவைப் பாதுகாப்பான மாற்றாகக் கருதினால் அது தவறு. கஞ்சாவில் போதை தரும் டி.எச்.சி. இதயத் துடிப்பை விரைவுபடுத்துகிறது. எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் சட்டென இறங்கவும் செய்யலாம். இத்தகையவர்கள் மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டியது, இரத்தக் குழாய்களைச் சுருக்காமல் வேலை செய்யும் ஜெபன்ட் வகை மருந்துகளைப் பற்றித்தான் என்பது என் கருத்து.

நான் மிகவும் கவலைப்படுவது வாந்தியைப் பற்றி. கஞ்சாவை நீண்டகாலம் அடிக்கடி பயன்படுத்துவோரில் சிலருக்கு விடாத குமட்டலும் சுழற்சியாக வரும் வாந்தியும் ஏற்படுகின்றன. 2004இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் இதைத் தனி நோய்க்குறித் தொகுப்பாக விவரித்தார்கள். வெந்நீரில் குளித்தால் தற்காலிகமாகத் தணிவது இதன் அடையாளம். ஒற்றைத் தலைவலியிலும் வாந்தி வழக்கம் என்பதால், நோய் முற்றிவிட்டதாக எண்ணி நோயாளி கஞ்சாவின் அளவைக் கூட்டக்கூடும். அதனால் வாந்தி மேலும் மோசமாகும். பயன்பாட்டை நிறுத்தும்போதும் இதே குழப்பம் வரும். எரிச்சல், உறக்கமின்மை ஆகியவற்றோடு தலைவலியும் கஞ்சா விலகல் அறிகுறிகளில் ஒன்று. முதல் சில நாள்களில் தோன்றும் அந்த வலியைப் பழைய நோய் திரும்பியதாகக் கொண்டு மீண்டும் கஞ்சாவை எடுப்பவர், சார்புநிலைக்குள் சிக்கியிருப்பதைத் தாமே அறிய மாட்டார்.

அளவுமீறிய மருந்துப் பயன்பாட்டாலேயே தலைவலி வருவது வழக்கமான மருந்துகளிலும் உண்டு. ஆனால் அங்கே எல்லை தெளிவாக வரையறுக்கப்பட்டுள்ளது: மூன்று மாதங்களுக்கு மேலாக, டிரிப்டான்களை மாதத்துக்கு 10 நாள்களோ அதற்கு மேலோ, பாராசிட்டமால் போன்ற எளிய வலிநிவாரணிகளை 15 நாள்களோ அதற்கு மேலோ எடுப்பது ஆபத்து. கஞ்சாவுக்கு இப்படி ஏற்கப்பட்ட எல்லை எதுவும் இல்லை.

அளவைக் கட்டுப்படுத்துவதும் எளிதன்று. உள்ளிழுத்தால் சில நிமிடங்களில் வேலை செய்கிறது. வாய்வழி எடுத்தால் அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம்வரை ஆகலாம். வலி தாங்காமல் அதற்குள் இரண்டாம் முறை எடுப்பவருக்கு இரண்டும் சேர்ந்து கடும் பதற்றத்தையும் குழப்பத்தையும் உண்டாக்கக்கூடும்.

கஞ்சாவிலுள்ள, போதை தராத சி.பி.டி. மட்டும் போதுமே என்பார்கள். அது கல்லீரல் நொதிகளின் அளவை உயர்த்தக்கூடும். ஒற்றைத் தலைவலித் தடுப்புக்கும் பயன்படும் வால்ப்ரோயேட்டோடு சேரும்போது அந்த ஆபத்து கூடுகிறது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை எடுப்பவர்களுக்கு இரத்தம் உறையும் தன்மையும் மாறலாம்.

தடுப்பு மருந்துகளும் குறையற்றவை அல்ல. டோபிரமேட் விரல்களை மரத்துப்போகச் செய்யும், பேச்சின் நடுவே சொற்களைத் தேட வைக்கும், கருவிலுள்ள குழந்தைக்குப் பிறவிக் குறைபாட்டை ஏற்படுத்தலாம். புரொப்ரனோலால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. 2018இல் வந்த எரெனுமாப் ஊசி கடும் மலச்சிக்கலைத் தரலாம். என்றாலும் இவை ஒற்றைத் தலைவலிக்கென்றே பெரிய அளவில் சோதிக்கப்பட்டவை; ஆகவே இவற்றையே முதலில் முயல வேண்டும் என்பேன்.

கர்ப்பிணிகளும், தமக்கோ நெருங்கிய உறவினருக்கோ மனச்சிதைவு இருந்தவர்களும், பதின்ம வயதினரும் டி.எச்.சி.யைத் தவிர்க்க வேண்டும். மற்றவர்கள் மருத்துவரின் மேற்பார்வையில் அதைப் பயன்படுத்துவதானால், எடுத்த அளவையும் தலைவலி வந்த நாளையும் ஒரே நாட்குறிப்பில் எழுதிவர வேண்டும். மூளை இரத்தக் குழாய்கள் திடீரெனச் சுருங்குவதைக் கஞ்சாவும் டிரிப்டான்களும் தூண்டக்கூடும். ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தை எட்டும் இடிபோன்ற தலைவலி வந்தால், எதை எடுத்திருந்தாலும் உடனடியாக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் சென்று, எடுத்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும்.