டிரம் லெவலுக்கு ரோஸ்மவுண்ட் 3051: ஒரு மதிப்பீடு

பாய்லர் டிரம்மில், அதாவது நீரும் நீராவியும் பிரியும் மேல் கலத்தில், நீர்மட்டம் தாழ்ந்தால் குழாய்கள் கருகிவிடும். அளவுக்கு மீறி உயர்ந்தால் நீர்த்துளிகள் நீராவியோடு சென்று டர்பைன் பிளேடுகளைத் தாக்கும். 45 பார் அழுத்தத்தில் இயங்கும் எங்கள் பாய்லரில் அந்த மட்டத்தை ஆறு ஆண்டுகளாக அளந்து வருவது எமர்சன் நிறுவனத்தின் ரோஸ்மவுண்ட் 3051 டிபி டிரான்ஸ்மிட்டர், அதாவது இரு பக்க அழுத்தங்களின் வேறுபாட்டை அளந்து சமிக்ஞையாக அனுப்பும் கருவி. 1988இல் வெளிவந்த இந்த வரிசையை வாங்க எண்ணுவோருக்கு, பராமரிப்புப் பிரிவில் இருப்பவன் என்ற முறையில் என் மதிப்பீட்டை எழுதுகிறேன்.

கருவியின் அடிப்பகுதியில் இரண்டு மெல்லிய உலோகச் சவ்வுகள் ஒரே தளத்தில் அமைந்துள்ளன. அவற்றின் மீது விழும் அழுத்தத்தை உள்ளே நிரப்பப்பட்ட சிலிக்கோன் எண்ணெய் நடுச்சவ்வுக்குக் கடத்துகிறது. அச்சவ்வு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்து மின்தேக்குத்திறன் கூடி, எதிர்ப்பக்கத்தில் குறைகிறது. அந்த வேறுபாடே 4 முதல் 20 மில்லிஆம்பியர் மின்னோட்டமாகவும், அதே கம்பியில் செல்லும் ஹார்ட் (HART) டிஜிட்டல் சமிக்ஞையாகவும் கட்டுப்பாட்டு அறைக்கு வருகிறது. இரு பக்கமும் 45 பார் இருக்கையில், ஒரு மீட்டர் நீர்த்தம்பம் தரும் சுமார் 0.1 பாருக்குள் அடங்கிவிடும் வேறுபாட்டை இக்கருவி பிரித்தறிவது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

ஆனால் கருவி சொல்வது உண்மையாக இருப்பது, அதன் இம்பல்ஸ் லைன்களை, அதாவது டிரம்மிலிருந்து கருவிக்கு அழுத்தத்தைக் கொண்டுவரும் சிறு குழாய்களைப் பொறுத்தது. டிரம்மின் மேல் முனையிலிருந்து வரும் குழாயில் கண்டென்சேட் பாட் (நீராவி குளிர்ந்து நீராகும் சிறு கலம்) வழியாக நீர் எப்போதும் நிரம்பி நிற்க வேண்டும். அந்த நிலையான தம்பத்தோடு ஒப்பிட்டுத்தான் டிரம்மின் மட்டம் கணக்கிடப்படுகிறது: மட்டம் உயர்ந்தால் வேறுபாடு குறையும். ஒருமுறை பராமரிப்புக்கு வந்த ஒப்பந்தத் தொழிலாளர், குழாய்களைக் கருவியிலிருந்து துண்டிக்கும் இரு ஐசொலேஷன் வால்வுகளும் திறந்திருந்தபோதே, இரு பக்கங்களையும் இணைக்கும் ஈக்வலைசிங் வால்வைத் திறந்துவிட்டார். தம்பத்து நீர் டிரம் பக்கம் வடிந்தது. அழுத்த வேறுபாடு குறைந்தது. திரையில் மட்டம் உயர்ந்து காட்டியது. உயர்வு என்று நம்பிக் கட்டுப்பாட்டு அமைப்பு டிரம்முக்குச் செல்லும் ஃபீட் வாட்டரைக் குறைக்கத் தொடங்கியதை, மட்டத்தை நேரடியாகக் காட்டும் கண்ணாடிக் குழாயான கேஜ் கிளாஸைப் பார்த்த பாய்லர் ஆபரேட்டர்தான் கண்டுபிடித்து நிறுத்தினார். அன்று கருவியில் பிழை ஏதும் இல்லை. தன் முன் இருந்த வேறுபாட்டை அது சரியாகவே அளந்தது.

இம்பல்ஸ் லைனைப் புளோ டவுன் செய்தபின் (திறந்துவிட்டு அழுக்கை வெளியேற்றியபின்) உடனே கருவிக்கான வால்வைத் திறப்பதும் தவறு. சிலிக்கோன் நிரப்பிய இந்த மாடலில் சவ்வைத் தொடும் திரவத்தின் வெப்பநிலை 121 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடாது. 45 பார் நீராவியோ 257 டிகிரியில் இருக்கும். குழாயில் நீர் மீண்டும் நிறைந்து ஆறும்வரை காத்திருக்க வேண்டும். 257 டிகிரியில் டிரம் நீரின் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 790 கிலோ மட்டுமே என்பதால், குளிர்ந்த நீரின் அடர்த்தியைக் கொண்டு ரேஞ்சை (கருவியின் அளவீட்டு எல்லைகளை) கணக்கிட்டவர்களுக்கு மட்டம் குறைவாகவே தெரியும்.

இதே மாடலை நீராவி ஓட்டம் அளக்க ஆரிஃபிஸ் பிளேட்டிலும் (குழாய்க்குள் வைக்கும் துளையுள்ள தட்டிலும்) பொருத்தியிருக்கிறோம். அங்கே என் மதிப்பெண் சற்றுக் குறைவு. அது இயற்பியலின் எல்லை. ஓட்டம் அழுத்த வேறுபாட்டின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால், ஓட்டம் 10 சதவீதமாகக் குறையும்போது வேறுபாடு 1 சதவீதமாகச் சுருங்கிவிடுகிறது. ஸ்பேனில் (முழு அளவீட்டு வீச்சில்) 0.04 சதவீதத் துல்லியம் அந்த இடத்தில் அளவீட்டின் 4 சதவீதப் பிழையாகி, ஓட்டக் கணக்கில் 2 சதவீதமாக நிற்கும். வெப்பநிலையால் வரும் ஜீரோ நகர்வை (சுழிப்புள்ளி இடம் மாறுவதை) இதனோடு சேர்த்தால், குறைந்த லோடில் நீராவிக் கணக்கை அப்படியே நம்ப முடியாது.

வாங்குவோர் மேனிஃபோல்டை (இந்த வால்வுகள் அடங்கிய தொகுதியை) தனியே வாங்கி இங்கே பொருத்துவதைவிட, தொழிற்சாலையிலேயே இணைத்துக் கசிவு சோதித்து வரும்படி ஆர்டர் செய்வது நல்லது. கூடுதல் செலவு, முதல் கசிவைத் தேடி அலையும் நாளிலேயே ஈடாகிவிடும். ஆக்சிஜன் லைனுக்கென்றால் சிலிக்கோன் வேண்டாம். வினைபுரியாத நிரப்புத் திரவம் கொண்டதைக் கேட்க வேண்டும். எங்கள் இரண்டாவது பாய்லரின் டிரம்முக்கு இதே மாடலில் மூன்றைக் கேட்டிருக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் தனி இம்பல்ஸ் லைன், தனி கண்டென்சேட் பாட் அமைத்து, மூன்றில் நடுவில் நிற்கும் அளவையே கட்டுப்பாட்டுக்கு எடுக்கப்போகிறோம்.