கீரியும் பாம்பும் மோதவே இல்லை: நாணய வித்தை வகுப்பில் நான் இழந்த 13,900 ரூபாய்

நாணயங்களை வைத்து மிக அருகில் நின்று செய்யும் கைவித்தைகளைக் கற்றுத் தருவதாக விளம்பரம் செய்த ஓர் இணைய வகுப்புக்கு 8,500 ரூபாயும், அதே நிறுவனம் விற்ற ‘தொழில்முறை நாணயப் பெட்டி’க்கு 5,400 ரூபாயும் கட்டி ஏமாந்தவன் நான். புகார் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நிலுவையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் அதே பாணி விளம்பரங்கள் வேறு பெயர்களில் இன்றும் கண்ணில் படுவதால், நடந்ததை நடந்தபடி பதிவு செய்கிறேன். வித்தைகளின் சூட்சுமங்களைப் போட்டு உடைப்பது என் நோக்கமன்று. அதை வயிற்றுப்பிழைப்பாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். புகாரை விளக்கத் தேவையான அளவுக்கு மேல் எதையும் சொல்லப்போவதில்லை.

நான் திருச்சியில் ஒரு வங்கிக் கிளையில் காசாளராக வேலை பார்க்கிறேன். எங்கள் தலைமைக் காசாளர் ஓய்வு பெறும் நாளன்று சால்வையும் சந்தன மாலையும் போடுவதோடு நிறுத்தாமல், முப்பத்தேழு ஆண்டுகள் காசையே எண்ணிக் கழித்த மனிதருக்குக் காசை வைத்தே ஏதாவது செய்து காட்டவேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை வந்தது. அந்த நேரத்தில்தான் கைப்பேசியில் அந்தக் காணொளி வந்தது. அரைக்கைச் சட்டை போட்ட ஓர் இளைஞர், கறுப்புத் துணி விரித்த மேசையின் நான்கு மூலைகளிலும் நாம் தினமும் புழங்கும் ஒரு ரூபாய் நாணயங்களை வைத்து, ஒவ்வொன்றின் மேலும் கையை வீசி, நான்கையும் ஒரே மூலையில் கொண்டுவந்து சேர்த்தார். ‘21 நாள்களில் நீங்களும் செய்யலாம்’ என்று கீழே எழுத்து ஓடியது.

விசாரித்த அரைமணி நேரத்துக்குள் வாட்ஸ்ஆப்பில் ஏழு செய்திகள் வந்துவிட்டன. “சார், இன்னிக்கு நைட் பன்னெண்டு மணியோட ஆஃபர் முடியுது, ரெண்டு சீட்டுதான் இருக்கு” என்றார் பேசியவர். இணையத்தில் பதிவுசெய்து வைத்த காணொளி வகுப்புக்கு இருக்கை எதற்கு என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. பணம் அனுப்பும்போது யுபிஐ திரையில் நிறுவனத்தின் பெயருக்குப் பதிலாக ஒரு தனிநபரின் பெயர் தெரிந்தது. இதே காரியத்தை ஒரு வாடிக்கையாளர் செய்ய வந்திருந்தால், “கொஞ்சம் பொறுங்க, யாருக்கு அனுப்புறீங்கன்னு பாருங்க” என்று கவுண்டரிலிருந்து எழுந்து போய்த் தடுத்திருப்பேன்.

வகுப்பில் 42 பாடங்கள் என்றார்கள், திறந்தவை 17. அவற்றில் பாதி, வித்தையின் முடிவை மட்டும் மீண்டும் மீண்டும் காட்டும் இரண்டு நிமிடத் துண்டுகள். நாணய வித்தையைக் கற்பதற்குப் பார்வையாளரின் பக்கத்திலிருந்து பார்த்தால் போதாது. செய்பவரின் தோளுக்குப் பின்னாலிருந்து, நாணயம் உள்ளங்கையில் எந்த இடத்தில் அமர்கிறது, எந்த விரல் தளர்கிறது, கண் எப்போது எந்தக் கைக்குத் தாவுகிறது என்று பார்க்கவேண்டும். அந்தக் கோணத்தில் எடுத்த ஒரு காட்சிகூட அந்தப் பதினேழில் இல்லை. கட்டைவிரலின் அடிச்சதைக்கும் அதற்கு எதிர்ப்புறச் சதைக்கும் நடுவே நாணயத்தைக் கவ்விப் பிடிப்பதுதான் இந்தக் கலையின் அரிச்சுவடி. அதற்கு ஒதுக்கியிருந்த நேரம் நாற்பது விநாடி. “நல்லா பிராக்டிஸ் பண்ணுங்க” என்று சொல்லிவிட்டுப் பாடம் நடத்தியவர் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.

பயிற்சி செய்தேன், அதில் குறை வைக்கவில்லை. ஆனால் 2011-இல் வந்த வரிசையின் ஒரு ரூபாய் நாணயத்தின் விட்டம் 22 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு; எடை நான்கு கிராம்கூட இல்லை. என் உள்ளங்கையில் அது நிற்காமல் நழுவி, டீப்பாயின் கண்ணாடியில் விழுந்து, இரவு பதினொரு மணிக்கு வீட்டையே எழுப்பியது. வகுப்புக்கான வாட்ஸ்ஆப் குழுவில் கேட்டபோது, “உங்க கை டிரையா இருக்கு சார், எங்க கிட் வாங்குங்க” என்று பதில் வந்தது. காணொளியில் அந்த இளைஞர் பயன்படுத்தியது சாதாரண ஒரு ரூபாய்தானே என்று கேட்டதற்குப் பதிலே வரவில்லை.

ஏழாம் பாடத்தை ‘எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகக் காத்து வரும் ரகசியம்’ என்று அறிமுகப்படுத்தினார்கள். வெறுங்காற்றிலிருந்து நாணயங்களை ஒவ்வொன்றாகப் பறித்து வாளிக்குள் போடும் வித்தை அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அதை உலகப் புகழ் பெறச் செய்தவர் நெல்சன் டவுன்ஸ் என்னும் அமெரிக்கர். ரயில்வே தந்தி அலுவலகத்தில் வேலை பார்த்தபடி தானாகவே பழகி, ‘நாணயங்களின் அரசன்’ என்ற பட்டத்தோடு லண்டன் மேடைவரை போனவர். நாணயத்தைப் பிடிக்கும் ஒரு முறை இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது. பாடக்குறிப்பு என்று அவர்கள் அனுப்பிய கோப்போ, ஜே.பி. போபோ 1952-இல் வெளியிட்ட ஆங்கில நூலின் பக்கங்களை நகலெடுத்து, தலைப்பை வெள்ளையடித்து மறைத்தது. பக்க எண்களை மறைக்க மறந்துவிட்டார்கள். 23-க்கு அடுத்து 31 வந்தது. நம்மூரிலேயே செப்படி வித்தை என்று ஒரு நெடிய மரபு இருக்கும்போது, அடுத்தவர் உழைப்புக்குத் தன் தாத்தாவின் பெயரை ஒட்டவேண்டிய அவசியம் என்ன என்பது எனக்கு விளங்கவில்லை.

ஆனாலும் பெட்டியை வாங்கினேன். விழாவுக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. உள்ளே வெல்வெட் துணியில் பதித்த நான்கு ‘அசல் அமெரிக்க அரை டாலர்’ நாணயங்களும், குடைந்தெடுத்த ஓர் ஐந்து ரூபாய் ஓடும் இருந்தன. பெரிய நாணயம் கையில் உட்காரத்தான் செய்தது, அதை மறுக்கமாட்டேன். அந்த நம்பிக்கையில்தான் விழாவன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எழுந்து நின்றேன்.

முதல் வித்தை எப்படியோ கடந்தது. இரண்டாவதில், ஒரு முழு நாணயத்தின் மேல் தொப்பிபோல அமர்ந்து சத்தமில்லாமல் கழலவேண்டிய அந்த ஐந்து ரூபாய் ஓடு, பாதி அமர்ந்த நிலையில் இறுகிக்கொண்டது. முறையாகச் செய்பவர்கள் ஓட்டின் விளிம்பைச் சற்றே விரித்துக் கொடுப்பார்கள். இவர்கள் கடைந்ததோடு விட்டிருந்தார்கள். நகத்தால் நெம்பிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அதைச் சமாளிக்க அரை டாலரை எடுத்துத் தலைமைக் காசாளரிடமே நீட்டி, “சோதிச்சுப் பாருங்க சார்” என்றேன். அவர் அதை உற்றுப் பார்க்கவில்லை. விரல் நுனியில் வைத்து மேசைமேல் ஒரு சுண்டு சுண்டினார். டக்கென்று ஒரு சத்தம் எழுந்து அங்கேயே செத்தது. “தம்பி, எந்த நாட்டுக் காசுன்னு எனக்குத் தெரியாது. ஆனா இது காசு இல்ல” என்றார். அன்றைய நிகழ்ச்சியில் நிஜமான கைதட்டல் அதற்குத்தான் கிடைத்தது.

மறுநாள் எங்கள் கிளைக்கு வரும் நகை மதிப்பீட்டாளரின் தராசில் நான்கையும் வைத்தோம். அமெரிக்க அதிபர் கென்னடியின் தலை பொறித்த, உலோக அடுக்குகளால் ஆன அசல் அரை டாலரின் எடை 11.34 கிராம். இவற்றில் ஒன்று 9.2, மற்றொன்று 9.6, மீதி இரண்டும் அவற்றுக்கு இடையில். அசலின் மையத்தில் செம்பும் இருபுறமும் செம்பு-நிக்கல் கலவையும் இருப்பதால் காந்தம் அதை இழுக்காது. என் நான்கும் குளிர்சாதனப் பெட்டிக் கதவிலிருந்த காந்தப் பொம்மையில் ஒட்டிக்கொண்டு தொங்கின. பின்புறத்தில் பொறித்திருந்த கழுகின் இடது சிறகுக்குக் கீழே ஒரு சிறு குழி நான்கிலும் ஒரே இடத்தில் இருந்தது, அதாவது நான்கும் ஒரே அச்சில் வார்த்தவை. எல்லாவற்றையும்விட, நான்கிலும் பொறித்திருந்த ஆண்டு 1975. அமெரிக்க விடுதலையின் இருநூறாம் ஆண்டை முன்னிட்டு 1975-இலும் 1976-இலும் அடித்த அரை டாலர்களில் 1776–1976 என்ற இரட்டை ஆண்டுதான் இருக்கும். 1975 என்று ஆண்டு பொறித்த அரை டாலரை அமெரிக்க நாணயச்சாலை வெளியிடவே இல்லை. போலி செய்தவர் அதையாவது தேடிப் பார்த்திருக்கலாம்.

ஐந்து ரூபாய் ஓட்டின் கதை இன்னும் மோசம். அது நம் நாட்டுப் புழக்கத்திலுள்ள அசல் நாணயத்தைக் கடைந்து செய்தது. 2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் நாணயத்தை உருக்குவதையும் அழிப்பதையும் தடை செய்கிறது. வங்கிக் காசாளர் ஒருவருக்கு இப்படிப்பட்ட ஒன்றை, ஒரு வார்த்தை எச்சரிக்காமல், வெல்வெட்டில் வைத்து விற்றிருக்கிறார்கள்.

அதன் பிறகுதான் அந்த விளம்பரக் காணொளியைக் கால்வாசி வேகத்தில் ஓட்டிப் பார்த்தேன். மேசையோரத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளர் இருக்கிறது. இரண்டாவது நாணயம் மறையும் நொடியில் அந்த டம்ளரின் நிழல் இரண்டு விரற்கடை நகர்ந்துவிடுகிறது. கையை வீசுகிற அந்த ஒரு நொடிக்குள் சூரியன் அவ்வளவு தூரம் போகாது, வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். சின்ன வயதில் சந்தைப்பேட்டையில் மோடி மஸ்தான் கீரிக்கும் பாம்புக்கும் சண்டை விடுவதாகச் சொல்லிக் கூட்டம் சேர்த்துத் தாயத்து விற்பதைப் பார்த்திருக்கிறேன். கூடைக்குள் பாம்பு இருந்தது, கயிற்றில் கட்டிய கீரியும் இருந்தது, சண்டை மட்டும் நடக்கவே நடக்காது. அவரிடம் வாங்கிய தாயத்துக்கு விலை ஐந்து ரூபாய்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது முதலில் “சீல் உடைச்சா ரிட்டர்ன் இல்ல சார்” என்றார்கள். எடை விவரத்தையும் காந்தத்தில் தொங்கும் நாணயத்தின் படத்தையும் குழுவில் போட்ட பத்தாவது நிமிடம் என்னை நீக்கிவிட்டார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்தேன். அதற்கு அந்த நிறுவனம் அளித்த பதில், அடுத்த வகுப்புக்கு இருபது சதவீதத் தள்ளுபடி. பிறகுதான் மாவட்ட ஆணையத்துக்கு இணையவழியே மனு போட்டேன். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணமே இல்லை என்பது அதுவரை எனக்குத் தெரியாது. ரசீது கேட்டு வாங்காதது என் தரப்பின் பெரிய ஓட்டை. ஜிஎஸ்டி எண்ணுடன் கூடிய ரசீது தர மறுப்பவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வெட்டில்லாமல் ஒரே ஓட்டமாக எடுத்த காணொளியை அனுப்பச் சொல்லுங்கள். செய்பவர் தொடங்குமுன் இன்றைய தேதியையும் உங்கள் பெயரையும் சொல்லட்டும். எந்த நாணயத்தைக் கொண்டு செய்து காட்டுகிறாரோ அதே நாணயத்தைக் கொண்டுதான் பாடமும் நடத்துவாரா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். என்னைப்போலவே அந்த வகுப்பில் சேர்ந்தவர்கள், குழுவிலிருந்து நீக்கப்படும் முன்பே உரையாடல் முழுவதையும் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் இருப்பது முதல் பதினெட்டு நாள்களின் பதிவு மட்டுமே.

இப்போது நான் பத்து ரூபாய் நாணயத்தில் பழகுகிறேன். 27 மில்லிமீட்டர் விட்டமும் ஏழே முக்கால் கிராம் எடையும் என் கைக்குப் பொருந்துகின்றன. அதுவரை வந்த அதன் பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-லேயே அறிவித்தும் கடைக்காரர்கள் பலர் வாங்க மறுப்பதால், எங்கள் கிளையில் அதற்குப் பஞ்சமும் இல்லை. சொல்லிக் கொடுப்பவர் பக்கத்து ஊரில் கல்யாண வீடுகளில் நிகழ்ச்சி நடத்தும் ஒரு பெரியவர். முதல் மூன்று வாரம் ஒரு வித்தையும் காட்டவில்லை; நாணயத்தைக் கையில் ஒளித்துக்கொண்டே காய்கறி வாங்கிவரச் சொன்னார். மனுவின் முதல் விசாரணையில் எதிர்த்தரப்பு ஆஜராகவில்லை. அவர்கள் கொடுத்த முகவரிக்கு அனுப்பிய அறிவிப்பு, அப்படி ஒரு கதவிலக்கமே அந்தத் தெருவில் இல்லை என்ற குறிப்போடு திரும்பி வந்திருக்கிறது. பணம் போன வங்கிக் கணக்கின் விவரத்தைக் கேட்டு அடுத்த தேதியில் மனு செய்யவிருக்கிறேன்.