38 பேர் காசு, 9,500 ரூபாய்: சார்ஜ் 5 என்று சொல்லி 4-ஐத் தலையில் கட்டிவிட்டான்

கோபத்தில் எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஜேபிஎல் சார்ஜ் 5 புளூடூத் ஸ்பீக்கர் என்று நம்பிச் சனிக்கிழமை சாயங்காலம் வாங்கியது, இன்றைக்குச் செவ்வாய். அதற்குள் அந்தக் கடைப் படியை நாலு தடவை ஏறி இறங்கியாச்சு. கடைப் பெயரைப் போட மாட்டேன், போட்டால் அதற்கும் ஒரு வம்பு வரும். வேலூரில் மாடிப்படி ஏறிப் போகிற மாதிரி இருக்கும் ஒரு செகண்ட்ஸ் மொபைல், ஸ்பீக்கர் கடை. அவ்வளவுதான். அப்படிக் கடை பத்து இருக்கும் என்று எனக்கும் தெரியும். பத்திலும் பார்த்து வாங்குங்கள்.

எங்கள் தெருவில் வருஷா வருஷம் ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்கு நடந்து போவோம். காட்பாடியில் கிளம்பி திருவலம், ராணிப்பேட்டை, சோளிங்கர் வழியாக. காவடி முன்னால் போகும். வயசானவர்களும் பொம்பளைகளும் பின்னால் வருவார்கள். ஸ்பீக்கர் ஒன்றுதான், அது காவடியோடு போய்விடும். பின்னால் நடக்கிறவர்களுக்கு லாரி ஹாரன்தான் பாட்டு. "அடுத்த வாட்டி ரெண்டு பொட்டி" என்று போன வருஷம் திருத்தணிப் படியிலேயே உட்கார்ந்து பேசி முடிவு பண்ணினோம். தலைக்கு 250, 38 பேர், 9,500 ரூபாய். முனைத் தெருவில் கீரை விற்கிற அம்மா தன் பங்கை முழுக்கப் பத்து ரூபாய் நோட்டாகவே கொடுத்தாங்க. அந்தக் காசுதான் போச்சு.

எங்களிடம் ஏற்கெனவே இருப்பது ஜேபிஎல் சார்ஜ் 5. அதில் பார்ட்டிபூஸ்ட் என்று ஒரு பட்டன். இரண்டு ஸ்பீக்கரிலும் அதை அமுக்கினால் இரண்டிலும் ஒரே பாட்டு ஒன்றாகப் பாடும். 2025-ல் வந்த சார்ஜ் 6-ஐ வாங்கினால் அது 5-ஓடு சேராது, அதில் ஆராகாஸ்ட் என்று வேறு முறை. இதெல்லாம் அக்கா பையன் முன்னாடியே சொல்லிவிட்டான். அதனால்தான் புதுசை விட்டுவிட்டு 5-ஐயே தேடி அலைந்தேன். 6 சேராது என்று தெரிந்த எனக்கு 4 எப்படி இருக்கும் என்று தெரியவில்லை பாருங்கள், அதை நினைத்தால்தான் என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

கடைப் பையனுக்கு முப்பது வயசு இருக்கும். நெற்றியில் விபூதி. நான் "சார்ஜ் 5 இருக்கா தம்பி" என்றேன். "எதுக்குண்ணா?" என்றான். சொன்னேன். உடனே எழுந்து நின்றான். "நானும் மூணு வருஷம் காவடி எடுத்தவன்ணா, உக்காருங்க" என்று கீழே குரல் கொடுத்து டீ வரவழைத்தான். எத்தனை பேர் போகிறீர்கள், எங்கே தங்குவீர்கள் என்று பொறுமையாக விசாரித்தான். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் தலைக்கு 250, மொத்தம் 9,500 என்று கணக்கையும் ஒப்பித்துவிட்டேன். கையில் எவ்வளவு இருக்கிறது என்று கடைக்காரனிடம் நானே சொன்ன முதல் வியாபாரம் இதுதான்.

உள்ளே போய் ஒரு ஸ்பீக்கரை எடுத்து வந்தான். "டெமோ பீஸ்ணா. அட்டைப் பொட்டி கிடையாது, ஆனா ஒரு கீறல் காட்டுங்க பாப்போம். பத்தாயிரம்." போனில் புளூடூத் போட்டுக் காட்டினான், பெயர் சார்ஜ் 5 என்றே வந்தது. பாட்டு வைத்தான். பம்பை அடி விழும்போதெல்லாம் இரண்டு பக்கமும் இருக்கிற வட்டத் தகடு உள்ளே போய் வெளியே வந்து துடித்தது. "கை வச்சுப் பாருங்கண்ணா" என்றான். வைத்தேன். உள்ளங்கையில் காற்று குத்தியது. அப்போதே மனசு விழுந்துவிட்டது.

பின்பக்கம் ரப்பர் மூடியைத் திறந்தேன், ஆக்ஸ் ஓட்டை (ஒயர் செருகிப் பாட்டு போடுகிற ஓட்டை) இருந்தது. "எங்களுதுல இது இல்லையே" என்றேன். "இது எக்ஸ்போர்ட் மாடல்ணா, கூடுதல் வசதி" என்றான். நானும் சந்தோஷப்பட்டேன். பழைய மாடல் என்பதற்கு இருந்த பெரிய அடையாளத்தையே எனக்குக் கூடுதல் வசதியாக விற்றிருக்கிறான்.

கடைசியில் அவன் சொன்னதுதான் என்னைச் சாய்த்தது. "உங்ககிட்ட 9,500தானே இருக்கு? 500 ரூபா என் உபயம்ணா, முருகனுக்கு." எனக்குக் கண் கலங்கிப் போச்சு. ஜிபேயில் 9,500 அனுப்பினேன், வேறு யாரோ பெயரில் போனது, அதையும் கேட்கவில்லை. பில் கேட்டதற்கு "பில்லுன்னா ஜிஎஸ்டி சேருமே" என்றான். ஒரு துண்டுச் சீட்டில் "புளூடூத் ஸ்பீக்கர் 1" என்று எழுதிக் கொடுத்தான். உபயம் கொடுத்தவனிடம் பில்லுக்கு மல்லுக்கட்டுவதா என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

வீட்டில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பட்டனை அமுக்கினோம். சேரவில்லை. அணைத்து அணைத்துப் போட்டோம். சேரவில்லை. அக்கா பையன் புதுசைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாமா, நம்மளுதுல படுத்த எட்டு மாதிரி குறி இருக்கு, இதுல உடுக்கை மாதிரி இருக்கு" என்றான். கம்பெனி ஆப்பை இறக்கி இணைத்தான். படத்தோடு வந்தது: சார்ஜ் 4. புளூடூத் பெயரை அந்த ஆப்பிலேயே யார் வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாமாம். கடைக்காரனும் மாற்றி வைத்திருக்கிறான்.

4 வந்தது 2018-ல், 5 வந்தது 2021-ல். 4-ல் ஸ்பீக்கர்களைச் சேர்க்க இருப்பது கனெக்ட் பிளஸ் என்ற பழைய முறை. அது பார்ட்டிபூஸ்ட்டோடு ஒரு நாளும் சேராது. தூக்கிப் பார்த்தாவது கண்டுபிடித்திருக்கலாமே என்று மனைவி கேட்டாள். எங்கே! இரண்டும் கிட்டத்தட்ட 960 கிராம். நீளத்தில் 3 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். பேட்டரி இரண்டிலும் 7,500 எம்ஏஎச். துடிக்கிற தகடு இரண்டிலும் உண்டு, அதனால் பேஸைக் கேட்டு ஒன்றும் தெரியாது. தெரிந்தால் மேல் ஸ்தாயியில்தான் தெரியும். 5-ல் அதற்கென்று தனியாக ஒரு ட்வீட்டர் இருக்கிறது, 4-ல் ஒரே ஸ்பீக்கர்தான். நாதஸ்வரம் வைத்துக் கேட்டிருந்தால் பிடிபட்டிருக்கும். நான் பம்பையைக் கேட்டேன். இன்னொன்று, 4-க்குக் காப்புத் தரம் ஐபிஎக்ஸ் 7, தண்ணீருக்கு மட்டும். 5 ஐபி 67, தூசிக்கும் சேர்த்து. சோளிங்கர் ரோட்டில் நடந்தவர்களுக்கு அந்தத் தூசியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். அவன் இல்லை. கல்லாவில் இன்னொருத்தன், "ஓனர் ஆம்பூர் போயிருக்கார், சாயங்காலம் வாங்க." சாயங்காலம் போனால் அவன் இருந்தான், டீ இல்லை, உட்காரச் சொல்லவும் இல்லை. "அப்டேட் போட்டா சேந்துடும்ணா, ராத்திரி பூரா சார்ஜ்ல போட்டு விடுங்க." போட்டேன், வெட்கம் கெட்டவன்! திங்கட்கிழமை இரண்டு ஸ்பீக்கரையும் தூக்கிக்கொண்டு போனேன். எங்கள் பழைய ஸ்பீக்கரைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, "இதுதாண்ணா டூப்ளிகேட்" என்றான். நாலு வருஷமாகத் திருத்தணி போய் வந்த ஸ்பீக்கர் டூப்ளிகேட்டாம். குரலை உயர்த்தினேன். "சாமி காரியத்துக்குப் போறவரு இப்படிச் சண்டை போடலாமா?" என்று கேட்டான். அந்த விபூதி நெற்றியை வைத்துக்கொண்டு.

இன்றைக்கு மதியம் கடைசியாகச் சொன்னது: "வேணும்னா 3,000-க்கு எடுத்துக்கறேன்." சனிக்கிழமை 9,500, செவ்வாய்க்கிழமை 3,000. இப்போது போனை எடுப்பதில்லை.

1915-க்கு அடித்தேன், நுகர்வோர் உதவி எண். பில் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டார்கள். 2019 நுகர்வோர் சட்டப்படி பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிகம்தான் என்று எங்களோடு நடக்கிற ஒரு வக்கீல் குமாஸ்தா சொன்னார். 5 லட்சம் வரைக்கும் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் இல்லாமல் மனு போடலாமாம். ஜிபே ரசீதும் அந்தத் துண்டுச் சீட்டும் பத்திரமாக இருக்கிறது. போடத்தான் போகிறேன். ஆனால் கிருத்திகைக்கு இன்னும் ஒன்பது நாள்தான்.

வாங்கப் போகிறவர்களுக்கு விவரமாக எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன், இப்போது பொறுமை இல்லை. ஆக்ஸ் ஓட்டை இருந்தால் அது 5 இல்லை. சார்ஜர் ஓட்டை பழைய மைக்ரோ யூஎஸ்பியாக இருந்தால் 4-கூட இல்லை, 3 அல்லது அதற்கும் பழசு. பட்டனில் குறியைப் பாருங்கள், படுத்த எட்டுதான் பார்ட்டிபூஸ்ட். போனில் வருகிற பெயரை நம்பாதீர்கள், கடையிலேயே ஆப் போட்டுப் பாருங்கள். ஜோடி சேர்க்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் வீட்டில் இருப்பதைக் கையோடு எடுத்துப் போய்ச் சேர்த்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். பில் வாங்குங்கள். கையில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லாதீர்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கீரைக்கார அம்மா வாசலில் வந்து நின்றாங்க. "பொட்டி வந்துடுச்சாமே, ஒரு பாட்டு போடேன்." போட்டேன். தகட்டின் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "நல்லா அதிருதுப்பா" என்று சொல்லிவிட்டுப் போறாங்க.